மூன்று புரொஜெக்டரும் ஒரு பிளவக்கலும்

1991 ஆகஸ்ட் 5, திங்கள்
ராஜபாளையம் மில்லின் வெள்ளிவிழா வேலை எனக்குத்தான். பிளவக்கல் அணையை மூன்று துண்டாகப் படம் பிடித்து, மூன்று ஸ்லைடு புரொஜெக்டரில், வளைத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் ஒரே காட்சியாகக் காட்ட வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் அணைக்கரையில் நிற்பதுபோலவே இருக்கும் என்று மானேஜர் வைகுண்டராஜிடம் அளந்துவிட்டேன். வாய் இருக்கிறதே!

ஆகஸ்ட் 9
மலைக்கோடு மூன்றிலும் சேர்ந்துவிட்டது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெளிச்சம் இரட்டிப்பாக அடித்தது. லென்சுக்கு முன்னால் போஸ்ட்கார்டை நிறுத்தி ஓரத்தை மங்கலாக்கினேன். ஒட்டு தெரியவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10
வைகுண்டராஜ் பார்த்தார். "என்ன பொன்னுராஜ், மூணும் மூணு நெறமால்ல இருக்கு?"
"பல்பு சூடாகணும் சார்."
எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரியாது, சின்ன வயதிலிருந்தே. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ராஜாவாக இருந்தேன். கலர் வந்தபின், படம் கழுவித் தரும் மதுரை லேப் காப்பாற்றுகிறது. பொண்டாட்டி சண்முகத்தாயிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்! ஊருக்குத் தெரிந்தால் எவன் என் ஸ்டூடியோ படி ஏறுவான்?

ஆகஸ்ட் 12
குத்துமதிப்பாகக் கலர் கண்ணாடித்தாளை லென்சில் ஒட்டினேன். மேதை!

ஆகஸ்ட் 13
சாப்பாடு கொண்டுவந்த சண்முகத்தாய் தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றாள். "என்ன இது, அணைத்தண்ணி ரெத்தமா கெடக்கு?"
உனக்கென்னடி தெரியும் என்று கத்திவிட்டேன். சே — தெரியாதவன் யாரு?
பொறவு சொல்லிட்டேன். அம்புட்டையும்.
தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "நம்ம கல்யாணச் சேலை என்ன நெறம்?"
"தவிட்டு நெறம்."
"அரக்குச் செவப்புங்க அது!"
அவள் சிரித்த சிரிப்பில் மில் காவல்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அவளே தாள்களைப் பிய்த்து, மாற்றி மாற்றி வைத்து, "எடது பக்கம் இன்னொண்ணு... போதும்" என்றாள். எது போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
விழா. படம் விழுந்ததும் முதலாளியம்மா, தண்ணீர் நனைத்துவிடும் என்பதுபோல் சேலையைத் தூக்கிக்கொண்டார்.
"ஒம்ம கண்ணே கண்ணுய்யா" என்றார் வைகுண்டராஜ், எல்லார் முன்னாலும். தலையாட்டியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?
"கண்ணு என் வீட்டுக்காரியோடது சார். எனக்குச் செவப்பு பச்சை தெரியாது."


நவம்பர் 20
சிவகாசியில் ஒரு கண்காட்சி. கலர் சரிபார்க்கச் சண்முகத்தாயைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளை மட்டும். பழுத்த தக்காளி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கடையில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். கடைக்கார இசக்கியம்மாள் திட்டினாள். எனக்கு நெறம் தெரியாதும்மா என்றேன். அவளே பொறுக்கிப் போட்டாள்.