வாக்குக் கேட்டு வந்த உன் குரல்

மாப்ளே,

கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஏலக்காயைச் சலித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்போது தெருமுனையில் நீ பேசினாய்.

நீ போய் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. “வாக்காளப் பெருமக்களே” என்று தொடங்கி, எங்கள் கட்சிச் சின்னத்தில் ஓட்டுப் போடச் சொன்னது. எவனோ உன்னைப்போலவே பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ‘ஆனால்’ என்ற சொல் வந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் லேசாக மூச்சை உள்ளே இழுப்பாயே, அந்த இழுப்பும் வந்தது. சல்லடை கைநழுவி விழுந்து, காய் தெருவெல்லாம் சிதறியது. ஆட்டோக்காரர் சிரித்தபடி கும்பிட்டுவிட்டுப் போனார். பதிலுக்குக் கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நமக்குள் இருந்த வாக்குவாதம் போடி ஊருக்கே தெரியும். நான் கட்சியில் வட்டச் செயலாளர். நீ எந்தக் கட்சியிலும் சேராதவன், எல்லாக் கட்சிகளைப் பற்றியும் எழுதுகிறவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. கடையைச் சாத்தும் முன் உன் வலைப்பக்கத்தில் ஏதாவது எழுதுவாய், சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு. “ஏம்ப்பா, ஒரு புனைபேர் வச்சுக்கிறலாம்ல?” என்று கேட்டேன். “திட்டுறவன் மூஞ்சி தெரிஞ்சாத்தான மாப்ளே, அவன் திரும்பத் திட்ட முடியும்?” என்றாய்.

எங்கள் கவுன்சிலர் போட்ட நிழற்குடையைப் பற்றி ஒருமுறை எழுதினாய். நிழல் விழாத திசையில் கூரை போட்டிருக்கிறார்கள், நகர்மன்றக் கூட்டத்துக்குக்கூட அவர் வரவில்லை என்று. நிழல் விசயம் உண்மை. ஆனால் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். நான்தான் குதித்துக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். விசாரித்துப் பார்த்துவிட்டு, அதே பக்கத்தில், கட்டுரைக்கு மேலேயே, “நான் எழுதியதில் இது தவறு, மன்னிக்கவும்” என்று போட்டாய். அந்த வரியைக் கட்டுரையைவிடப் பெரிய எழுத்தில் போட்டதுதான் எனக்குப் புரியவில்லை. நாங்கள் கொண்டுவந்த குடிநீர்க் குழாயைப் பாராட்டியும் நீதான் எழுதினாய். இருந்தும் எங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததில்லை. “ஒரே ஒரு தடவை சொல்லுப்பா” என்று தேர்தலுக்குத் தேர்தல் கெஞ்சியிருக்கிறேன். சிரிப்பாய், அவ்வளவுதான்.

கட்டற்ற மென்பொருளிலும் உனக்கு அதே பிடிவாதம். எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குத் திருட்டு நகல் போட்டுத்தர மாட்டாய். “எல்லாரும் எடுத்துக்கங்கன்னு ஒருத்தன் மனசாரக் குடுத்தது இருக்குறப்ப, களவாண்டது எதுக்கு?” என்பாய். என் கிடங்கின் பில்லும் நீ போட்டுக்கொடுத்ததில்தான் இன்றும் ஓடுகிறது.

அப்படித்தான் உன் குரலையும் கொடுத்தாய். பார்வையற்றவர்களின் செல்போனில் எழுத்தை வாசித்துச் சொல்ல, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு தமிழ்க் குரல் வேண்டும் என்று உன் கணினி நண்பர்கள் கேட்டார்கள். எதிரொலி இல்லாத இடம் தேடி என் கிடங்குக்கு வந்தாய். ஏலக்காய் மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்கியம் வாக்கியமாக வாசித்தாய். சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்க வீட்டுக்குப் போவாய்.

“நாளைக்கு எவனாச்சும் வேண்டாத சோலிக்கு இதை எடுத்துக்கிட்டா?” என்று கேட்டேன்.

“பூட்டிக் குடுத்தா அது குடுத்ததாகுமா மாப்ளே?” என்றாய்.

பிறகு போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் அலுவலகத்தில் கணினி பார்க்கப் போனவன், ஜீப்பில் இறங்கி வருகையில் நெஞ்சு கரிக்கிறது என்றாயாம். டிரைவர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்திருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து ஊருக்குள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று அதை நம்ப முடியாமல் எப்படி நின்றேனோ, ஆட்டோ போன பிறகு தெருவில் அப்படியேதான் நின்றேன்.

முதலில் உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். உன் மகேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. கையில் மாவு காய்ந்துபோயிருந்தது.

“அவரு வந்துட்டாருன்னு ஓடியாந்தேண்ணே,” என்றது. “வாசலுக்கு வந்தப்புறந்தான் என்ன சொல்றாருன்னே காதுல விழுந்துச்சு. அவரு இப்படிச் சொல்ல மாட்டாரே. உசுரோட இருக்குறப்பச் சொல்லாதத, செத்தப்புறம் எப்படிண்ணே சொல்லுவாரு?”

சொல்லக் கூசுகிறது: இந்த வார்த்தைகளைக் கேட்கத்தானே இத்தனை தேர்தலாக ஆசைப்பட்டேன்? உன் குரலில், என் கட்சிக்கு, கேட்டும்விட்டேன். அதை நிறுத்தத்தான் இப்போது ஓடினேன்.

விளம்பரம் பதிவு செய்த காசியைப் போய்ப் பார்த்தேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, இரங்கல் செய்தி என்று ஊரின் எல்லா அறிவிப்பும் அவருடைய சின்ன ஸ்டுடியோவிலிருந்துதான் புறப்படுகின்றன.

“நெட்டுல ஃப்ரீயாக் கெடந்துச்சுண்ணே. எழுதிக் குடுத்தா அதுவே பேசிருது,” என்றார். “யாரு குரலுண்ணே அது?”

சொன்னேன். அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். “என் கம்ப்யூட்டர ரிப்பேர் பண்ணித் தந்தவருண்ணே அவரு. மெசினு வழியா வர்றப்ப எனக்கு அடையாளம் தெரியலையே.” வேறு ஆளை வைத்து அன்றே புதிதாகப் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். கட்சி ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. நகரச் செயலாளர் சிரித்தார். “கணீர்னு நல்லாத்தானய்யா இருக்கு? ஓட்டுப்பதிவு வரைக்கும் ஓடட்டும்.”

“அவன் பொண்டாட்டி வீட்டு வாசல்ல ஓடுதுண்ணே.”

“அந்தத் தெருவை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்றேன்.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். இவர்களோடுதான் இத்தனை காலம் கொடி கட்டினேன், போஸ்டர் ஒட்டினேன்.

அன்று மாலை என் பெயரில், என் படத்தோடு, செல்போனிலிருந்து இணையத்தில் எழுதினேன். உன்னைப்போல எழுத வராது எனக்கு. “நான் இந்தக் கட்சிக்காரன். இந்தத் தேர்தலிலும் இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் ஆட்டோவில் நீங்கள் கேட்கும் குரல் இறந்துபோன என் நண்பனுடையது. அதில் வரும் கருத்து அவனுடையது அல்ல. அவன் தன் குரலை எல்லாருக்கும் கொடுத்தான், தன் கருத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் கட்சி செய்வது தவறு.” அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன். நீ எத்தனை முறை இதை அழுத்தியிருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது.

பொழுது விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். உன் பேரைச் சொல்லி அவர்களும் ஓட்டுக் கேட்கக்கூடாது என்று எழுதினேன். இரண்டு பக்கமும் திட்டு விழுந்தது. என் பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். ஆனால் ஆட்டோவில் குரல் மாறியது. வேட்பாளர் தனியாக, கூட்டம் சேர்க்காமல், மகேஸ்வரியைப் பார்க்க வந்தார். “எனக்குத் தெரியாதும்மா. தெரியாதுங்கிறதும் தப்புத்தான்,” என்றார். மகேஸ்வரி தண்ணீர் மட்டும் கொடுத்தது.

அதோடு முடியவில்லை. “அந்தக் குரலையே அழிச்சுரச் சொல்லுங்கண்ணே,” என்று மகேஸ்வரி கேட்டது. உன் கணினி நண்பர்களிடம் பேசினேன். தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறோம், ஏற்கெனவே எடுத்துப் போனவர்களிடமிருந்து திருப்பி வாங்க முடியாது என்றார்கள். இரண்டொரு நாளில் ராசிங்காபுரத்திலிருந்து சுமதி என்று ஒரு பெண் வந்தது. பார்வை இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறது. நான் எழுதியதை உன் குரலில்தான் கேட்டதாம்.

“அக்கா, அதை எடுக்காதீங்கன்னு கேக்க வரல,” என்றது. “ஒங்களுக்கு வலிச்சா எடுத்துருங்க. நான் வேற குரலுக்குப் பழகிக்கிருவேன். யாரு வீட்டுக் குரலக் கேட்டு இத்தன நாளு படிச்சோம்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

மகேஸ்வரி சுமதியைப் பக்கத்தில் உட்கார வைத்தது. பிறகு, “எப்படிக் கேப்ப? காட்டு,” என்றது. சுமதி செல்போனைத் தடவியது. பழகிய காது என்பதால் பல மடங்கு வேகத்தில் வைத்திருந்தது. பஸ் நேரம், மின்வெட்டு அறிவிப்பு, யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து என்று மூச்சுவிடாமல் கொட்டினாய்.

மகேஸ்வரி சிரித்துவிட்டது, மாப்ளே. நீ போனதிலிருந்து அது சிரித்து நான் பார்க்கவில்லை. “இம்புட்டு வெரசா அவரு ஒரு நாளும் பேசுனதில்லையே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தது. போகும்போது சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கெடக்கட்டும். நீ கேளு,” என்றது.

உன் குரலை நாளை இன்னொருவன் இன்னொன்றுக்கு எடுப்பான். கேட்டால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்கு இன்னும் சமாதானம் வரவில்லை. தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டால் இப்போதும் சல்லடையைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்த வலியையும் உன் நினைவோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

எங்கள் வேட்பாளர் ஜெயித்துவிட்டார். நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புக்காக மழையில் நனைந்து நிற்கிறார்கள். போன வாரம் அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். மாலைக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

“நீங்க இன்னும் நம்ம ஆளுதானண்ணே?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே, நம்ம ஆளுதான்,” என்றேன். “அதான் மொதல்ல ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன். சரியாகலைன்னா அடுத்த வாரம் எழுதிருவேன்.”