பச்சைச் சீலையின் இரண்டு சிவப்பு இழைகள்

உன் குறிப்புப் புத்தகம் இன்று காலைத் தபாலில் வந்தது. உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலைசெய்த பெண் அனுப்பியிருக்கிறாள். நீ இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. உன் மேசையை ஒதுக்கும்போது கிடைத்ததாம். புத்தகத்தைச் சுற்றி ஒரு சாண் நீளத் துணித்துண்டு கட்டியிருந்தது. பச்சைத் துணி, ஓரத்தில் இரண்டு சிவப்பு இழைகள். மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் ஊர்க் கஞ்சி வாசம் போய், ஏதோ பனி நாட்டுச் சவர்க்காரம் மணத்தது. நீ அதைத் தோய்த்திருக்கிறாய். அதன் மறுபாதி என் அலுமாரியில் இருக்கிறது. நான் ஒருநாளும் தோய்க்கவில்லை.

நான் மருதமுனைத் தறிக்காரர் வீட்டு மகள்; நீ கல்முனைக் கடற்கரையில் தோணி வைத்திருந்தவரின் மகள். இரண்டு வீட்டுக்கும் இடையில் சைக்கிளில் கொஞ்ச நேரப் பாதைதான். ஆனாலும் நாம் முதன்முதல் சந்தித்தது மலைநாட்டில், பல்கலைக்கழக விடுதியில், ஒரே அறையில். இரண்டு ஊரும் ஒன்றையொன்று நம்பாத காலம் அது. என் பக்கத்தில் புத்தகங்கள் உயரப்படி அடுக்கியிருக்கும். உன் கட்டிலில் உனக்கே படுக்க இடமிராது. நான் முறைத்தால், "ஒழுங்கில்லாட்டி வேலை நடக்காது எண்டு ஆரடி உனக்குச் சொன்ன?" என்பாய். அந்தக் கேள்வியையே நீ பின்னர் உன் தொழிலாக்கிக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் அப்பா இறந்த பிறகு உன் அம்மா நிறமில்லாத சீலைகளையே உடுத்தினார். ஒரு நோன்புப் பெருநாளுக்கு உன்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் என் உம்மா இந்தப் பச்சைச் சீலையை நீட்டினார்.

"இந்தக் கலர நான் உடுத்தா சனம் சிரிக்கும் ராத்தா." எங்கள் வழக்கப்படி உம்மாவை அக்கா முறையில் அப்படித்தான் கூப்பிடுவார் உன் அம்மா.

"சிரிச்சா அதுகள்ட பல்லுத்தானே தெரியும். உடுங்க தங்கச்சி."

சீலைக் கரையில் இரண்டு சிவப்பு இழை விடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் ஊரில் துணி தெரிந்தவர்கள் கரையைப் பார்த்தே எந்தத் தறி என்று சொல்லிவிடுவார்கள்.

கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பில் இருந்தாய். நான் காணாமல்போன என் தங்கச்சியைத் தேடிப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடினேன். உடல்களை அங்கேதான் கொண்டுவந்து கிடத்தினார்கள். அலை ஊர் பார்த்துப் போடவில்லை. எங்கோ எடுத்தவர்களை எங்கோ ஒதுக்கியிருந்தது. கிணறுகளில் உப்பேறிவிட்டதால் நற்பிட்டிமுனை வயல் பக்கத்திலிருந்து டிராக்டரில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ராத்தா ஒருவர் என்னைக் கண்டு கையைப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்க மகள். இது உங்கட வீட்டுத் துணி. கரை சொல்லுதே. உங்கட ஆள்தானே?"

இந்துப் பெண் என்று அந்த ராத்தாவுக்குக் காட்டப் பொட்டில்லை, தாலியில்லை. விதவைக்கு எங்கிருந்து இருக்கும்? நான் முகத்தைப் பார்க்கவில்லை. கரையைத்தான் பார்த்தேன். வாசலில் உடல்களோடு இன்னொரு டிராக்டர் வந்து நின்றது. அதில் தங்கச்சி இருக்கலாம்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, தொழுவித்து, எங்கள் மையவாடியில் அடக்கினார்கள். மறுநாள் தங்கச்சி சவளக்கடையில் ஒரு வீட்டில் உயிரோடு கிடைத்தாள். அன்றே அந்த ராத்தா, கிழித்து வைத்திருந்த இந்தக் கரைத் துண்டை என்னிடம் தந்து, "உங்கட மையித்துக்கு அல்லாஹ் நல்ல இடத்தக் குடுக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டில் ஒருவரும் குறையவில்லை. அப்படியானால் எங்கள் பெயரில் போனவர் யார்? அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான்காம் நாள் நீ வந்தாய். "அம்மா அண்டைக்கு உங்கட உம்மா குடுத்த பச்சைச் சீலைதான் உடுத்திருந்தவ எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்றா. நீ எங்கயும் கண்டியா?" என்று கேட்டாய். துண்டு என் கைப்பைக்குள் இருந்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன். அடக்கியவரைத் தோண்டி எடுக்கச் சொல்வார்களோ, ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஊருக்கும் அது ஒரு காரணமாகிவிடுமோ என்று பயந்தேன். அது உண்மை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பது அதைவிட உண்மை.

நீ வெளிநாடு போனாய். நான் இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினேன். ஈமெயிலில் நாம் சண்டை பிடித்தோம். புரதச் சங்கிலி மடிந்து ஓர் உருவத்துக்கு வந்தால்தான் வேலைசெய்யும் என்று படித்தவர்கள் நாம். உருவமே கொள்ளாமல் தளர்ந்து அலையும் பகுதிகளும் வேலைசெய்கின்றன என்று நீ எழுதினாய். எக்ஸ்ரே படத்தில் விழாத ஒன்றை எப்படி நம்புவது என்று கேட்டேன். "படத்தில வெறும் இடமாத் தெரியிறதுதான் அது. ஓயாம ஓடுற பிள்ளையப் படமெடுத்தா வேற என்ன விழும்?" என்று பதில் வந்தது.

பிறகொரு நாள் வைரசைப் பற்றி எழுதினாய். அந்தத் தளர்ந்த சங்கிலியில் சில கண்ணிகள் மட்டும் கொண்ட சிறு துண்டுகள் உண்டு. இன்னொரு புரதத்தின் குழிவில் போய்ப் பிடிக்கும். இறுக்கமாக அல்ல, விடவும் தெரிந்த பிடி. வைரசிடம் பெரிய கைமுதல் இல்லை. தான் புகுந்த கலத்தின், அந்த உயிரணுவின், புரதம் ஒன்றைப் போல முழுதாக நடிக்க அதனால் முடியாது. ஆனால் அந்தச் சிறு துண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது கிடைக்க ஒன்றிரண்டு கண்ணி மாறினாலே போதும். அதைக் கண்டு கலத்தின் வேலையாட்கள் கைகொடுப்பார்கள். வெளியேறும்போதுகூட அதைக் காட்டியே உதவி வாங்கும் வைரசுகள் இருக்கின்றன. எனக்கு விளங்கட்டும் என்று கடைசியில் ஓர் உவமை சேர்த்திருந்தாய். "உங்கட ஊர்ல கரையப் பாத்துத் தறியச் சொல்ற மாதிரித்தான். முழு ஆளையும் ஆரும் பாக்கிறல்லடி."

நீ அறியாமல் எழுதிய வரி. 

நாட்டில் போர் முடிந்த வருடம் நீ வந்தாய். சோதனைச்சாவடிகளில் இன்னும் மணல்மூட்டைகள் இருந்தன. உங்கள் வீடு இருந்த இடத்தில், அத்திவாரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். துண்டை உன் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"எந்தத் தண்ணியில குளிப்பாட்டினாங்க?"

"வயல் பக்கத்துத் தண்ணி."

"உப்பில்லாத தண்ணியா?"

"ஓம். நல்ல தண்ணி."

அப்போதுதான் நீ அழுதாய். "நாலு வருசத்துக்கு மேல நான் மீன் தின்னல்லடி. கடலுக்க போன அம்மாவ நினைச்சு..." என்று சொல்லி நிறுத்தினாய். தோணிக்காரர் மகள் நீ. என் மௌனம் உன் சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்திருந்தது.

"கலத்தப் போல நானும் கரையப் பாத்து ஏமாந்திட்டன்" என்றேன்.

உனக்குக் கோபம் வந்தது. "பிழையா விளங்கி வச்சிருக்காய். அந்தத் துண்டு வைரசுட சொந்தச் சொத்தில்ல. கலத்துக்குள்ள இருக்கிற புரதங்கள் ஒண்டையொண்டு பிடிக்கிறதே அதாலதான். வைரஸ் பிறகு வந்து பாத்துக் கொப்பியடிச்சது. உங்கட உம்மா குடுத்தது கொப்பியடிச்ச துணியா? சொந்தமெண்டுதானே குடுத்தவ? அம்மா சொந்தக்காரியாத்தான் போயிருக்கா." பிறகு, "பாக்காமச் சொன்ன ஓமுக்கு நான் கோவிக்கல்ல. தெரிஞ்சும் சொல்லாம இருந்த வருசங்களுக்கு உன்ன மன்னிக்க எனக்குக் கொஞ்சக் காலம் வேணும்" என்றாய்.

மன்னித்தாயா என்று நான் பிறகு கேட்கவில்லை. அன்று மாலை துண்டை இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி தந்தாய். மையவாடி மதிலோரம் இருவரும் நின்றோம். வீட்டுக்கு வந்து உம்மா வைத்த மீன் ஆணத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாய். உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன புள்ள, கண்ணால தண்ணி வருது, காரமா?" என்று கேட்டார். "ஓம் உம்மா, நல்ல காரம்" என்று சொல்லி இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினாய்.

உன்னை அங்கே எரித்தார்களாம்; அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். உன் புத்தகம் முழுக்கத் தளர்ந்த சுருள் கோடுகள். என் மாணவிகளுக்கு நானும் இப்போது அப்படித்தான் வரைகிறேன்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியின் அதே மதிலோரம் போய் நின்றேன். இறந்தவர்களுக்குக் கேட்கும் என்பதில் எனக்கு நிச்சயமில்லை. அது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் செய்தியை உன் அம்மாவிடம் சொல்ல வேறு ஆளில்லை. இம்முறையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. "உங்கட மகள் போயிட்டா" என்று வாய்விட்டே சொன்னேன்.

வீதியால் போன ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, "உள்ள ஆரு ராத்தா, உங்கட ஆளா?" என்று கேட்டார்.

 மதிலுக்கு மேலால், கடலில் போனவர்களை அடக்கிய அந்த வரிசையை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், நின்று பார்த்தேன். பிறகுதான் சொன்னேன், ஓம் என்று.