இந்த வருடம் அறிவிப்பு வேண்டாம்

காம்போஸ், ஹியோஸ் தீவு
டிசம்பர் 8

என் பிரியமான நிக்கோலிஸுக்கு,

மார்க்கெல்லா ஆசையோடு எழுதுவது. நான் நலம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மழை வந்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டால் போடுகிறேன் என்பாய். அதனால் கேட்கவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு நீ ஊருக்கு வருவதன் பக்கம் திரும்பியதும் உனக்கு சிக்னல் போய்விடும். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், எத்தனை பெரிய கடலானாலும் அந்த ஒரு பேச்சுக்குத்தான் சிக்னல் போகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ரோட்டர்டாமில் உன் கப்பலில் ஏறப்போகும் புதுச் சமையல்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கேப்டன் கடைசி வரி வரை படித்தாரா என்று விசாரித்துவிட்டுச் சோறு போடும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் தேதி, புனித நிக்கோலாஸ் நாளில், உன் பெயர்த் திருநாளுக்கு நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தேன். முப்பத்தேழு பேர் வந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன். எப்படி ஜெயித்தேன் என்பதைப் பொறுமையாகப் படி.

நவம்பர் கடைசியில் பத்திரிகை ஆபீஸிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "என்னக்கா, வழக்கம்போல அதே அறிவிப்புதானே?" என்றாள். 'கேப்டன் நிக்கோலாஸ் இல்லத்தில் பெயர்த் திருநாள் கொண்டாடப்படாது, விருந்தினரை வரவேற்க இயலாது.' இசிதோரோஸ் உன் கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து இறந்த வருடம் நீ சொல்லி நான் போட்ட வரி அது. அவனைக் கப்பலில் சேர்த்துக்கொள்ளும்படி அவன் அம்மா கல்லியோபி நம் வாசலுக்கு வந்து கேட்டாள். நீ சேர்த்துக்கொண்டாய், ஏழே மாதத்தில் பெட்டியில் அனுப்பிவைத்தாய். பெற்றவள் இரண்டு மதிலுக்கு அப்பால் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருக்கும்போது நம் வீட்டில் யாருக்கும் தட்டு நீட்ட முடியாது என்று நீ சொன்னது நியாயம்தான். ஆனால் அடுத்த வருடமும் போட்டோம், அதற்கடுத்த வருடமும் போட்டோம். விசாரணை செய்தவர்கள் உன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நீதான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலில் ஏறினாய். நடுவில் கிடைத்த விடுப்பை பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு ஓட்டல் அறையில் கழித்தாய். கட்டிய பெண்டாட்டி நான், விருந்தாளி மாதிரி அங்கே வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண் 'வழக்கம்போல' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. துக்கம் எப்போது வழக்கமானது? "இந்த வருஷம் அறிவிப்பு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அதற்காகத்தான் கேட்கவில்லை.

கதவைத் திறந்தால் தட்டில் என்ன வைப்பது? உன் பெயருக்கு எப்போதும் கமலா ஆரஞ்சு மதுவைத்தான் ஊற்றுவோம். அது ஊறுவதற்கே நாற்பது நாள் வேண்டும். எனக்கு இருந்தது ஒரு வாரம். நீ விட்டுப்போன பாட்டில்களை, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், இந்த மூன்று குளிர்காலத்தில் நானே தனியாகக் குடித்துத் தீர்த்திருந்தேன். சரி, ஊறுவதற்குக் காத்திராத ஒன்றைச் செய்வோம் என்று துணிந்தேன். தோட்டத்தில் கமலாப்பழம் கிளை வளைய நிற்கிறது. அலமாரியில் மஸ்திகா மரப்பிசின் மது இருந்தது. என் தம்பி கொண்டுவந்த அத்திப்பழச் சாராயமும் இருந்தது. குலுக்குவதற்கு நீ நுரைக் காப்பி போடும் மூடி போட்ட குவளையை எடுத்துக்கொண்டேன். கோபப்படாதே, உடையவில்லை.

நாலு நாள் சமையலறையில் நின்று அளவு கண்டுபிடித்தேன். எழுதி வைத்துக்கொள். ஒரு தம்ளருக்கு இரண்டு பழச் சாறு, அரை எலுமிச்சை, ஒரு விரல் உயரம் மஸ்திகா, அரை விரல் சாராயம், வெந்நீரில் கரைத்த தைம் பூத் தேன் ஒரு சின்னக் கரண்டி. ஐஸ் போட்டு, குவளை கையில் ஒட்டுகிற அளவு குளிரும்வரை குலுக்க வேண்டும். தோலை ஒரு துண்டு கிள்ளி, தம்ளருக்கு மேலே மடித்துப் பிழிந்தால் எண்ணெய் தெறிக்கும். அந்த வாசனைக்கு, எதிர்வீட்டு ஆர்கிரோ மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அடியே, என்னடி செய்யுற உள்ள? புருஷன் ஏதும் வந்துட்டானா?" என்று கத்தினாள்.

ஐந்தாம் தேதி ஒரு மடத்தனம் செய்தேன். நம்மூர்க்காரி ஒவ்வொருத்தியும் செய்வதுதான். மது எல்லாம் முன்கூட்டியே ஊற்றிவைத்துப் பழகிய கை அல்லவா, விருந்தினர் வரும்போது தட்டு தயாராக இருக்கவேண்டுமே என்று எண்பது பழத்தை அன்றே பிழிந்து ஜாடியில் நிரப்பிவிட்டேன். மறுநாள் காலையில் ஆர்கிரோ வந்து ஒரு வாய் குடித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "இதக் குடிச்சா உன் புருஷன் கப்பல அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடுவான்" என்றாள். ஒரே கசப்பு. நம் கமலாப்பழம் அப்படித்தான், பிழிந்த கையோடு குடித்தால் தேன், காக்கவைத்தால் எட்டி. மொத்தத்தையும் கொட்டினேன். இனி வருகிறவருக்கு வருகிறபோதே பிழிவது என்று முடிவு செய்தேன். ஒருத்தியின் இரண்டு கை எத்தனை பேருக்குப் பிழியும் என்று ஆர்கிரோ கேட்டாள். யார் வரப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் தோட்டத்தில் இலையோடு பழம் வெட்டப் போனாள்.

பண்டிகை நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வெளிக்கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். நீலச் சட்டை போட்டிருந்தேன், உனக்குப் பிடித்ததுதான். ஆர்கிரோ வீட்டிலும் ஒரு நிக்கோலிஸ் உண்டே, அவன் திருநாளைக் கவனிக்க அவள் போய்விட்டாள். நாலரை ஆயிற்று. தெருவில் ஆட்கள் போகிற சத்தம் கேட்டது, நம் கதவருகே வந்ததும் காலடி மெதுவானது, பிறகு நகர்ந்துவிட்டது. இப்படி மூன்று தடவை. ஊரே சேர்ந்து நம்மை ஒதுக்கிவிட்டதென்றே நினைத்தேன். உள்ளே போய் சும்மா இரண்டு பழத்தைப் பிழிந்துகொண்டு நின்றேன், அழுதால் பழச்சாறு தெறித்தது என்று சொல்லிக்கொள்ளலாம் பார்.

ஐந்து மணிக்கு ஒரு ஆள் உள்ளே வந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கல்லியோபி.

கறுப்புத் துணி, கறுப்பு முக்காடு, கையில் ஒரு இனிப்புப் பொட்டலம். அவள் சமையலறை வாசலில் நின்று, "பல்லாண்டு வாழட்டும் உன் வீட்டுக்காரன்" என்றாள். பிறகு, "பேப்பர்ல உங்க வரியத் தேடுனேன், காணோம். அதான் வந்தேன்" என்றாள்.

நான் திக்கித் திணறி, உங்கள் பிள்ளைக்காகத்தான் அக்கா அந்த அறிவிப்பு, உங்கள் துக்கத்துக்கு மரியாதையாக, என்று ஏதோ சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு மரியாதையா? நான் என்ன நெனச்சேன் தெரியுமாடி? என் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமதான் நீங்க கதவ அடைச்சுட்டீங்கன்னு நெனச்சேன். வருஷா வருஷம் அத அச்சுல வேற போட்டு எனக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள். ஊர் கதையும் அதேதான். வரவேண்டாம் என்று நாம்தான் அச்சடித்துச் சொன்னோம், அவர்கள் வரவில்லை. அதற்கு நாம் ஊர்மேல் மூன்று வருடம் வருத்தப்பட்டோம். இதைவிட முட்டாள்தனம் இந்தத் தீவில் நடந்திருக்காது, நிக்கோலிஸ்.

நாங்கள் அழவில்லை. அழுதிருப்போம், அதற்குள் அவள் பார்வை என் கையில் விழுந்துவிட்டது. பழம் பொதி கட்டும் கொட்டகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் அல்லவா. "என்னடி இப்புடி கசக்குற, துணியா தொவைக்கிற? வெதை நசுங்குனா கசக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி, பொட்டலத்தை மேசையில் வைத்து, கறுப்புச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றாள். முதல் தம்ளரை அவளுக்கே கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து பிறகு விழுங்கினாள். "தேனக் கொற, சாராயத்தக் கூட்டு" என்றாள். செய்தேன். அவள் சொன்னதுதான் சரி. மேலே எழுதியதைத் திருத்திக்கொள்: தேன் அரைக் கரண்டி, சாராயம் முக்கால் விரல்.

நம் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தபடி இருப்பது உனக்கு நினைவிருக்கும். முதலில் ஆர்கிரோ எட்டிப் பார்த்தாள். கல்லியோபி நம் வீட்டில் கை சுருட்டிப் பழம் பிழிகிறாள் என்ற செய்தி, மாதாகோவில் மணியை விட வேகமாக ஊரைச் சுற்றியிருக்க வேண்டும். ஐந்தரைக்கு எட்டுப் பேர். ஆறு மணிக்கு உட்கார நாற்காலி இல்லை. தம்ளர் தீர்ந்து காப்பிக் கோப்பையில் ஊற்றினேன், அதுவும் தீர்ந்து முட்டை வைக்கும் கிண்ணத்தில் ஊற்றினேன். பாதிரியார் இரண்டு குடித்துவிட்டு மூன்றாவதைக் கண்ணாலேயே கேட்டார். துறைமுக ஆபீஸ் கிழவர், "மார்க்கெல்லா, இவ்வளவு காலம் எங்கள ஏம்மா தாகத்துல வச்சிருந்த?" என்றார். கல்லியோபி பிழிந்தாள், நான் குலுக்கினேன், ஆர்கிரோ தட்டைச் சுமந்தாள். முன்பே பிழிந்து வைத்தால் கசந்துவிடும் என்பதால் கல்லியோபி எட்டரை மணி வரை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. நகர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால், வந்தவர்கள் அவளிடம் ஆறுதல் சொல்லத் தொடங்கி வீடு இழவு வீடாகியிருக்கும். கை நிறைய வேலை இருந்ததால் எல்லோரும் அவளை, "கல்லியோபி, எனக்கொண்ணு" என்று சாதாரணமாகக் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லையாம். போகும்போது அவளே சொன்னாள்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தோள்பட்டை கழன்றுபோன மாதிரி வலி, தரையெல்லாம் பிசுபிசுப்பு. நான் அந்தப் பிசுபிசுப்பில் நின்று சிரித்தேன். இந்த வீட்டில் மறுபடியும் ஆட்கள் நடந்திருக்கிறார்கள் என்று தரை சொல்கிறதே, அதைத் துடைக்கவே எனக்கு மனமில்லை.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தைப் போனில் சொல்லாமல் எழுதியதற்குக் காரணம். உட்கார்ந்து படி.

எல்லோரும் போன பிறகு கல்லியோபி கை கழுவிவிட்டு, சுருட்டிய கையை இறக்கிவிட்டாள். கடலோடிகளின் பெண்டாட்டிகளுக்கு நம்மூரில் சொல்லும் வாழ்த்து இருக்கிறதே, அதை அவள் வாயால் சொன்னாள்: "உன் வீட்டுக்காரன நல்லபடியா நீ கையேத்துக்கணும்." தன் பிள்ளையைப் பெட்டியில் கையேற்றவள் சொன்னாள், நிக்கோலிஸ். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மெதுவாக ஒன்று கேட்டாள். "அன்னிக்குக் காலையில என் புள்ள என்ன சாப்பிட்டான், யார்கிட்ட என்ன பேசிச் சிரிச்சான், குளிருக்கு மேல்சட்டை போட்டிருந்தானா? விசாரணைக் காகிதத்துல விழுந்த நேரம் மட்டுந்தான் எழுதியிருக்கு. மத்தது உன் புருஷனுக்குத்தானே தெரியும்? அவன் வருவானா?" என்றாள்.

வருவார் என்று சொல்லிவிட்டேன்.

நீ அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து ஓடுகிறாய். அவள் அந்த ஒரு நாளைப் பற்றி நீ சொல்வதைக் கேட்க இரண்டு மதிலுக்கு அப்பால் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஜனவரி பதினெட்டில் உன் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். கல்லியோபிக்கு எழுபத்தொன்று நடக்கிறது, அதை மறக்காதே.

கையெழுத்துப் போடாதே. நீ புறப்பட்ட துறைமுகம் உன்னைக் காக்கட்டும், நீ வந்து சேரும் துறைமுகம் இதுவாகவே இருக்கட்டும் என்று புனித நிக்கோலாஸை வேண்டிக்கொள்கிறேன். அவருக்கும் உன் பெயர்தான், கடல்காரர்களை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. ஆனால் படகிலிருந்து இறங்கி இந்தத் தெருவில் நடக்க வேண்டியது நீதான். வந்ததும் முதலில் நம் கதவுக்கு வராதே. அவள் கதவைத் தட்டு. நான் இவ்வளவு நாள் காத்திருந்தவள், இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பேன்.

உன் வருகையைப் பார்த்து நிற்கும்,
உன் மார்க்கெல்லா