பச்சை காட்டிய வாசல் கெமரா

நவ. 6, செவ்வாய்

விடியக்காலையிலிருந்து மழை. குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. வாங்கி இரண்டு வாரம்கூட இல்லை.

பல்லேகல கம்பனியில் நேற்றுப் போட்ட என் புரோகிராம் சொதப்பல். அங்கே நாற்பது நெட்வேர்க் கருவிகள். எது வேலை செய்கிறது, எது செத்தது என்று திரையில் பச்சை, சிவப்பு காட்ட வேண்டும். வாசல் கெமராவின் கருவி ஒரு மணி நேரம் செத்துக் கிடந்திருக்கிறது. திரையில் பச்சை! நன்றாக இருந்த ஸ்டோர் கருவிக்குச் சிவப்பு. இந்த யுத்த காலத்தில் வாசல் கெமரா குருடு என்றால் சும்மா விடுவார்களா?

அங்குள்ள பாதுகாப்பு அதிகாரி, எழுதியது யார் என்று கேட்டார். என் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். "வேணும்னு செஞ்சதா? வியாழக்கிழமை அறிக்கை வேணும். இல்லாட்டி பொலிஸ்." எல்லாம் சிங்களத்தில்.

எங்கள் டீம் தலைவர் பண்டார சேர் வேனில் கூட்டிவந்தார். பாலத்தில் ஆமிச் சோதனை. "எங்க ஒபிஸ் பிள்ளை" என்றார், விட்டார்கள். அட்டை இல்லாமல் தனியாக வந்திருந்தால்? அவரைக் கும்பிட வேண்டும்.

அம்மா போன், புசல்லாவையிலிருந்து. "ஏன்டி கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"தடிமன்மா. மழையில நனைஞ்சிட்டேன்."

நவ. 7, புதன்

மழை. காலையில் இடியாப்பம், சம்பல்.

கண்டுபிடித்தேன். மடச்சி நான்தான். ஒரே ஆப்ஜெக்டைப் பல த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், ஒன்றாகத் தொடக்கூடாது என்று நான் பாவித்த கோட் லைப்ரரியின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. படித்தும் இருக்கிறேன்!

நாற்பது கருவிக்கும், பெயரை வைத்திருக்க ஒரே ஆப்ஜெக்ட். அதோடு அசின்க்ரனஸ் முறை: 'உயிரோடு இருக்கிறாயா' என்ற கேள்வியை அனுப்பிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த கருவிக்குப் போய்விடும். ஸ்டோரின் பதில் வரும்போது ஆப்ஜெக்டில் கெமராவின் பெயர். பதில் அந்தப் பெயரில் விழும்; கெமரா பச்சை, ஸ்டோர் சிவப்பு. ஒபிஸில் ஒரே ஒரு கருவியோடு சோதித்தேன். ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெயர் மாறுமா?

திருத்தம்:
- கருவிக்கு ஒரு ஆப்ஜெக்ட்
- கேள்வியோடு பெயரும் போக வேண்டும்
- உதவிப் பக்கம். ஒழுங்காக. முழுதும்.

திட்டுவார் என்று பயந்துகொண்டே சேரிடம் சொன்னேன். "நங்கி, முதல்ல சாப்பிடுங்க" என்று சொந்தத் தங்கச்சியைப் போலக் கூப்பிட்டு, தன் சோற்றுப் பார்சலில் பாதியைத் தள்ளினார். பலாக்காய்க் கறி. நல்ல மனுசன்.

நவ. 8, வியாழன்

வெயில்! பல்லேகல. எட்டு மணியிலிருந்து புரோகிராமை ஓடவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை.

அதிகாரி அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். "இந்தப் பிள்ளை எழுதினதை யார் பார்த்துச் சரி சொன்னது?"

"நான்" என்றார் சேர். "வரிவரியாப் பார்த்தேன். பிழை எனக்கும் பிடிபடல்ல. பொலிஸுக்குக் குடுக்கிறதா இருந்தா முதல்ல என் பேரை எழுதுங்க."

அதிகாரி என் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

சேர் அதில் ஒரு வரியையும் பார்த்ததில்லை. நான் எழுதிய வாரம் முழுக்க அம்மை போட்டு மாத்தளையில் வீட்டில் கிடந்தார்.

வேனில் நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் முகம் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினார்.

"எழுதினது எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டு வாங்க நங்கி. இப்பவாவது பார்க்கணும்."