ராணி இன்று குரைக்கவில்லை

வியாழக்கிழமை இரவு, ஏப்ரல்

இந்த மாதத்துக்குள் நாயை அடக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று மாடியில் இருக்கும் ஓனர் ஆன்ட்டி சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் வேலைக்குப் போனபின் ராணி முற்றத்தில் தனியாகக் குரைத்துக்கொண்டே இருக்கிறதாம்.

நான் ஆபீஸ் ஐடி கார்டை மாட்டுவதைப் பார்த்துத்தான் அது குரைக்கத் தொடங்குகிறது என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கார்டை மாட்டினாலும் திரும்பி வந்துவிடுவேன் என்று அதற்குப் பழகட்டும் என்று பால் வாங்கப் போகும்போதும் மாட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே சற்று நின்றுவிட்டுத் திரும்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவந்தது.

இன்று மாலை கச்சிபௌலி ஆபீஸிலிருந்து திரும்பியதும் ஆன்ட்டி மேலிருந்து, “என்னம்மா, இன்னிக்கு சத்தமே இல்ல. நல்லா பழக்கிட்டே” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ராணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் படுத்திருந்தது. வாயைச் சுற்றி என் பழைய காலேஜ் கார்டின் நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தது.

அம்மா வந்ததும் நாடாவைக் காட்டினேன்.

“கிளம்பறப்ப நான்தான் கட்டினேன். வீடு போச்சுன்னா உன் டிகிரியக் காட்டியா வேற வீடு கேக்கறது?”

“இந்த வெயில்ல தண்ணி குடிக்க முடியலம்மா.”

அம்மா ராணிக்குச் சோறு பிசைந்து வைத்தாள். ராணி அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

நாடாவை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு கயிறு இல்லாமலா போகும். நாளையும் அம்மாவுக்கு முன்னால் நான்தான் கிளம்பவேண்டும்.