அடிபட்ட ஹெல்மெட்

தாம்பரம்,
2-3-1970

அன்புள்ள மச்சான் ஜெபசீலன் அவர்களுக்கு,

அசரியா எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் எஸ்தர் அக்காவும் பிள்ளைகளும் அந்தச் சீமைக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் உங்களுக்குக் கடிதம் எழுதுவது மெட்டில்டா. கடைசியில் இரண்டு வரி சேர்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். இந்தத் தடவை உறை முழுக்க என் கையெழுத்தைப் பார்த்து எஸ்தர் அக்கா பயந்துவிட வேண்டாம். உங்கள் தங்கைக்கு ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். "நீங்க செஞ்சதை நீங்களே எங்க அண்ணனுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அவர்களே பெரிய எழுத்தில் ஒரு கார்டு போட்டிருந்தார்கள். ஞானசௌந்தரி பள்ளிக்கூடம் போகிறாள். வாத்தியாரம்மா மகள் என்பதால் மற்றப் பிள்ளைகளை மிரட்டுகிறாள் என்று புகார் வருகிறது. நம் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ரயில்வே கார் ஷெட்டில் எனக்குப் பழையபடி பிரேக் சோதனை வேலைதான், ஆள் மட்டும் குறைவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மெட்டில்டாவுக்காக நீங்கள் அனுப்பிய வெள்ளை ஹெல்மெட் இப்போது இரண்டு துண்டாக இருக்கிறது. விபத்தில் உடையவில்லை. நாங்களே ரம்பத்தால் அறுத்தோம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பிப்ரவரி தோறும் நடக்கும் கார் பந்தயத்தில், பெண்களுக்கான போட்டியில் நம் ஃபியட்டை அவள் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். போன வருடம் வளைவில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் அடுக்கியிருந்த டிரம்களில் போய் இடித்தது. அவள் தலை கதவுச் சட்டத்தில் மோதிய சத்தம் எனக்கு வேலிக்கு அப்பாலும் கேட்டது. ஒருவேளை கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. நான் ஓடிப் போவதற்குள் அவளே இறங்கி, புடவைக்குப் பதிலாகப் போட்டிருந்த கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைவலிகூட இல்லை. இதை அவள் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டாள். நான் எழுதியதாகவும் நீங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அதுவரை பந்தயத்தை நடத்தும் எங்கள் கிளப்பில் ஹெல்மெட் போட வேண்டும் என்று மட்டும்தான் விதி இருந்தது. எந்த ஹெல்மெட் என்று யாரும் கேட்டதில்லை. சுரங்க வேலைக்காரர் தொப்பியோடு ஒருவர் வந்தார். இன்னொருவர் தோல் தொப்பிக்குள் துணியைத் திணித்துக்கொண்டு வந்தார். இந்த வருடம் கமிட்டி உட்கார்ந்து புதிதாக விதி எழுதியது. உள்ளே பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு முத்திரை இருக்க வேண்டும். வார் அறுந்திருக்கக் கூடாது. தலையில் ஆடக் கூடாது. இவற்றையெல்லாம் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பலமாக ஒரு முறை அடிபட்டதை மறுபடி போடக் கூடாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்ற விதிக்குத்தான் சண்டை வந்தது. உள்ளே இருக்கும் தக்கை, தானே நசுங்கி அடியை வாங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது, அடுத்த அடிக்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்ததை ஒருவர் படித்துக் காட்டினார். சீமையிலிருந்து வரவழைத்த சாமானை அப்படித் தூக்கிப் போட முடியுமா என்று பலர் கேட்டார்கள். நான் விதிக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். கை தூக்கியவனையே ஹெல்மெட் சோதிக்கும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

என்னோடு அந்த மேஜையில் ராஜகோபாலன் சார் இருந்தார். துறைமுகத்தில் எஞ்சினியர், நிதானமானவர். போன வருடம் அவர் கல்கத்தாவில் இருந்ததால் பந்தயத்துக்கு வரவில்லை. மெட்டில்டா முறை வந்ததும் ஹெல்மெட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் உள்ளே முத்திரையைப் பார்த்தார், வாரை இழுத்துப் பார்த்தார், சுற்றிலும் தட்டிப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கிறது" என்று சொல்லி, ஒட்டுவதற்குப் பச்சைச் சீட்டைக் கையில் எடுத்தார்.

மச்சான், அந்த மேஜையில் அது அடிபட்டது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசமாட்டேன் என்று அவள் நம்பியிருந்தது அவள் முகத்தில் தெரிந்தது. நானும் பேசாமல் இருந்துவிடலாமென்று நினைத்தேன். பெண்கள் போட்டி, நாலே சுற்று. போன வருடம்போல் மறுபடி நடக்கவா போகிறது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கதவுச் சட்டத்துச் சத்தம் காதிலேயே நின்றது. "சார், அது போன வருஷம் அடிபட்டது" என்று சொல்லிவிட்டேன்.

ராஜகோபாலன் சார் சீட்டைக் கீழே வைத்தார். மெட்டில்டா சத்தம் போடவில்லை. "இதுல ஒரு கீறல் காட்டுங்க, நான் பேசாம போயிடுறேன்" என்றாள். என்னால் காட்ட முடியவில்லை. "இது எங்க அண்ணன் அனுப்பினது" என்றாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் பல்லாவரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அமீருதீன். அவர் தங்கை ஜஹீராவும் பெண்கள் போட்டியில் ஓட்டுகிறவள். மெட்டில்டாவுக்குச் சரியான போட்டி அவள்தான். அமீருதீன் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா சார், வூட்டுக்காரம்மாவையே ஓரங்கட்டிட்டீங்க. இன்னிக்கு நைட்டு உங்களுக்குச் சோறு கீதா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜஹீராவும் சிரிக்கவில்லை. தன் ஹெல்மெட்டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே நம் காருக்குப் போனாள். முதலில் இரண்டு பிரிவாக ஓட்டி, ஒவ்வொரு பிரிவிலும் முந்துகிறவர்கள் கடைசிப் போட்டிக்குப் போவார்கள். ஜஹீரா முதல் பிரிவு, மெட்டில்டா இரண்டாவது. "நான் ஓட்டி முடிச்சதும் என்னோடதை நீங்க போட்டுக்குங்க அக்கா. நீங்க இல்லாம ஜெயிச்சா என்ன ருசி" என்றாளாம். முதல் பிரிவு முடிந்ததும் மெட்டில்டா அந்த ஹெல்மெட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். அவள் தலையில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. வாரை நான்தான் மாட்டிவிட்டேன். அப்போதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் தாறுமாறாக ஓட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. போன வருடம் சுற்றிய அதே வளைவில், ரூல் தடியால் கோடு போட்டமாதிரி திரும்பினாள். பிரிவில் முதலாவதாக வந்தாள். ஜஹீராவும் தன் பிரிவில் முதலாவது. அப்புறம்தான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. கடைசிப் போட்டியில் இரண்டு பேரும் ஒன்றாக ஓட வேண்டும். தலை இரண்டு, ஹெல்மெட் ஒன்று.

அவசரமாக நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தோம், ஒன்றும் அளவு சேரவில்லை. தானும் பந்தயத்தில் ஓட்டுகிற ராஜகோபாலன் சார் தன் சொந்த ஹெல்மெட்டையே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாமான்தான், ஆனால் அவர் தலை பெரிது. மெட்டில்டா அதைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பினாள். தலை திரும்பியது, ஹெல்மெட் நின்ற இடத்திலேயே நின்றது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவளே கழற்றி, "தேங்க்ஸ் சார், இது ஆடுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஜஹீரா, "நீங்கதான் டைம்ல ஃபாஸ்ட், நீங்க போங்க, நான் நிக்கிறேன்" என்றாள். மெட்டில்டா கேட்கவில்லை. "உன் ஹெல்மெட்டை நீ போடு. அந்த மூணாவது வளைவுல ஓரமா எண்ணெய் சிந்திக் கிடக்கு, உள்ளே தள்ளிப் போ" என்று சொல்லி, ஜஹீராவின் தாடைக்குக் கீழே வாரைத் தானே மாட்டிவிட்டாள். பிறகு சிலேட்டில் சுற்று எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, வெயிலில் ஓடுதள ஓரத்தில் நின்று ஒவ்வொரு சுற்றிலும் தூக்கிக் காட்டினாள். ஜஹீரா இரண்டாவதாக வந்தாள். மெட்டில்டா ஓட்டியிருந்தால் முதலாவதாக வந்திருப்பாள் என்பதை நான் மட்டும் சொல்லவில்லை, ஜெயித்த பெண்ணே வந்து சொன்னாள்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். சோழவரத்திலிருந்து பட்டணம் முழுவதையும் கடந்து பரங்கிமலை வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. பரங்கிமலை தாண்டியதும் "பசிக்குது" என்றாள். பல்லாவரத்தில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டோம். என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹாக்ஸா பிளேடு எங்கே என்று கேட்டாள். "அறுத்துப் பார்த்திடலாம். நீங்க சொன்னது நெஜமான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். மச்சான், உள்ளே ஒன்றும் இல்லையென்றால் நான் என்ன சொல்வேன்? நான் பிடித்துக்கொண்டேன், அவள் அறுத்தாள். வெகு நேரம் ஆயிற்று. இரண்டு பாதியையும் வாசல் வெளிச்சத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தோம். மோதிய இடத்தில் தக்கை ஒரு நூல் அளவு அமுங்கியிருக்கிறது என்றேன். "அது உங்க ஆசைக்குத் தெரியுது" என்றாள். அளவுகோல் வைத்துப் பார்த்தோம். இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் இருவரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் நான் பயந்ததுபோல் அவள் ஜெயித்துவிட்டதாகப் பேசவில்லை. வெகு நேரம் அந்தத் தக்கையை விரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நேற்று முன்தினம் கிளப்பில் கூட்டம் நடந்தது. அந்த விதியை எடுத்துவிட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்காக ஒருவரை நிறுத்துவது நியாயமில்லை என்று ஒருவர் எழுந்து பேசினார். உதாரணத்துக்கு மெட்டில்டாவையே காட்டினார். பாவம், அவளுக்காகப் பரிந்துதான் பேசினார். மெட்டில்டா எழுந்தாள். "என்னைக் காரணம் காட்டி அதை எடுக்காதீங்க. நாங்க அறுத்தே பார்த்தோம், அப்பவும் எங்களுக்குத் தெரியலை. தெரியலைங்கிறதுக்காகத்தான் மாத்தணும். கண்ணுக்குத் தெரிஞ்சா விதி எதுக்கு, அவங்கவங்களே தூக்கிப் போட்டுடுவாங்க" என்றாள். விதி அப்படியே நிலைத்தது. கூடவே, அடுத்த வருடத்திலிருந்து கிளப்பே இரண்டு மூன்று அளவில் நல்ல ஹெல்மெட் வாங்கி வைக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதை முன்மொழிந்தது அமீருதீன். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம், "அது கிளப்புக்குச் சொன்னது. உங்க மேல கோபம் அப்படியேதான் இருக்கு" என்றாள். ஆனாலும் இப்போது அந்த அறையிலிருந்து ஏதோ கீர்த்தனையை மெதுவாகப் பாடிக்கொண்டே தாள் திருத்துவது கேட்கிறது.

நீங்கள் அன்பாக அனுப்பிய பொருளை இப்படிச் செய்துவிட்டோமே என்று வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். போன வருடம் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்காக உங்களுக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால் இன்னொன்று கொடுத்தனுப்புங்கள். அளவைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நான் கேட்டதாக வேண்டாம், உங்களுக்கே தோன்றி அனுப்பியதாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஓட்டுவதை அவள் நிறுத்திவிட வேண்டுமென்று உங்களுக்கும் தோன்றும். மூத்தவர், தோன்றாமல் இருக்காது. அதை என் பெயருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிப் படித்துவிட்டு, என்னிடமே வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு எழுதும்போது மட்டும், லீவில் வந்தால் நீ ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள் மச்சான். நீங்களும் பக்கத்தில் நின்றால், அந்த நாலு சுற்று முடிகிறவரை எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

உங்கள் குடும்பத்தார் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

தங்கள் அன்புள்ள,
அசரியா