தயாளினி வானுக்குப் பூட்டிய செட்

முரசுமோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரேமிளாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சுகமாக இருக்க அம்மாளாச்சி துணை. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. வயல் விதைத்தாயிற்று, மழைதான் பிந்துகிறது. போனில் கதைத்தால் உன் தங்கச்சி தயாளினிக்குக் கேட்டுவிடும் என்று எழுதுகிறேன். சந்தியில் போன் கடை வைத்திருக்கிற சதீஸிடம் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். வாசிப்பான், பரவாயில்லை.

உன் தங்கச்சி என்னுடன் கதைத்து ஒன்பது நாள். சோறு போடுகிறாள், வாய் திறப்பதில்லை. வருகிற வெள்ளி கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள். இப்படியே போனால் திரும்பி வருவாளோ என்று பயமாக இருக்கிறது.

வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஓடும் எங்கள் ஹயர் வானுக்கு அவள் தானே ஒரு பாட்டு செட் செய்தாள். உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், சின்னத் திரை, பழைய அம்பிளிபயர். இரண்டு மாதம் வானுக்குள்ளேயே கிடந்தாள். வானை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினால் திரையில் "செல்வராசா வான் சேர்விஸ்" என்று என் பெயர் வரும். திறப்பை எடுத்தாலும் செட் உடனே நிற்காது, எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத்தான் நிற்கும். இல்லாவிட்டால் மெமரி கார்ட் பழுதாகிவிடுமாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வயர்களை மறைக்க மூடி மட்டும் அதுவரை பூட்டியிருக்கவில்லை.

முந்தின வெள்ளி புதுக்குடியிருப்பில் கலியாண ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானுடன் வந்தேன். வழியில் பொலிஸ் மறித்தது. ஒருவன் உள்ளே குனிந்து, தொங்கிய வயர்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். பிறகு அவனே திரையைத் தொட்டான். பாட்டு வந்தது. சிரித்துவிட்டு, தன் ஓட்டோவுக்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டான். அவ்வளவுதான் மகள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாய்க்கால் பாலத்தில் வானை நிறுத்தி, எல்லாவற்றையும் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன்.

வீட்டில் ஏனென்று கேட்டாள். "சத்தம் காதுக்கு ஒத்துவரேல்லை" என்றேன். "பிடிக்கேல்லையெண்டா சொல்லியிருக்கலாமே அப்பா, நானே கழட்டியிருப்பனே" என்றாள். கடைசியாகக் கதைத்தது அதுதான்.

உன் தம்பி ரூபன் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுப் போய்விட்டான் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தோம். அப்போது அவளுக்கு ஏழு வயது. நாங்கள் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, ஆமிக்காரர் சோதனையில் அவனுடைய ரேடியோ திருத்தும் பெட்டியைத் திறந்து, வயரையும் போர்டையும் பார்த்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வரிசையிலிருந்து கூட்டிப் போனதையும் அவன் பிறகு திரும்பி வராததையும் அவள் அறியாள். உனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோதனைக்கு முன், பெட்டியை எறிந்துவிட்டு வரட்டுமா என்று அவன் கேட்டதும், "தொழில் சாமானடா, கொண்டு வா" என்று நான் சொன்னதும் உனக்கும் தெரியாது. அம்மாவுக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

தயாளினியின் முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வெள்ளிக்கு முன் நீ சொல்லு பிள்ளை. நான் சொன்ன அந்த வார்த்தையையும் மறைக்காதே. அதன் பிறகு அவள் கோபித்தால் கோபிக்கட்டும். கொழும்பு பஸ் ஏற என் வானில் வரச் சொல்லு. பின் சீற்றில் இருந்தாலும் போதும்.

என் மூன்று பிள்ளைகளும் எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா,
செல்வராசா